யாரு வீட்டுப் பாலு?

போன தீபாவளிக்குச் சுங்கைப்பட்டாணி போயிருந்தபோது பாட்டியிடம் கைப்பேசியில் ஓர் ஓவியத்தைக் காட்டினேன். யொஹானஸ் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்'. பாட்டி கெடா தோட்டமொன்றில் 30 வருடத்துக்கு மேல் பால்வெட்டுக்குப் போனவர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மங்குலேர்ந்து வாளிக்கு ஊத்துற மாதிரியே ஊத்துறா" என்றார். பிறகு, "யாரு வீட்டுப் பாலு?" என்று கேட்டார்.

எனக்குக் கேள்வி புரியவில்லை.

"அவ வீட்டுப் பாலா, மொதலாளி வீட்டுப் பாலா?"

"மொதலாளி வீடுதான் பாட்டி. அவ அங்க வேலைக்காரி."

"அதான் பாத்து ஊத்துறா" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முறுக்கு டின்னைத் திறக்கப் போய்விட்டார்.

இந்த ஓவியத்தைப் பற்றி நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த கட்டுரைக்கு 'அன்றாடத்தின் அமைதி' என்று பெயர் வைத்திருந்தேன். முக்கால்வாசி முடிந்திருந்தது. அதில் 'தியானம்' என்ற சொல் நான்கு இடங்களில் வந்திருந்தது. தோட்டத்திலிருந்து திரும்பி வந்ததும் அதை எடுத்துப் படித்தேன். ஒரு பத்திகூடத் தேறவில்லை. இது இரண்டாவது முறை எழுதியது.

முதலில் ஓவியத்தைப் பார்த்துவிடலாம். 1657க்கும் 1660க்கும் இடையில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வரையப்பட்டது என்று சொல்கிறார்கள். இப்போது ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 45.5 சென்டிமீட்டர் உயரம், 41 சென்டிமீட்டர் அகலம். புத்தகங்களில் முழுப்பக்கத்துக்குப் பார்த்துப் பழகியவர்கள் பெரிய ஓவியம் என்று நினைத்துக்கொள்கிறோம். நேரில் பார்த்தால் ஒரு A3 தாளைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நான் நேரில் பார்த்ததில்லை. அருங்காட்சியகம் இணையத்தில் போட்டிருக்கும் உயர்தரப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவன்.

இடப்பக்கம் ஒரு சன்னல். அதன் கண்ணாடிச் சில்லு ஒன்று உடைந்திருக்கிறது. சன்னல் பக்கத்து மூலையில் ஒரு பிரம்புக் கூடையும் பித்தளை வாளியும் தொங்குகின்றன. நடுவில் உடல்வலுவுள்ள ஒரு பெண். மஞ்சள் மேல்சட்டை, சிவப்புப் பாவாடை, அதன்மேல் நீல ஏப்ரன். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டிருக்கிறாள். மணிக்கட்டுப் பக்கம் தோல் சிவந்து கறுத்திருக்கிறது, மேலே போகப் போக வெளுப்பாக இருக்கிறது. வெயிலிலும் தண்ணீரிலும் கிடந்த கை எது, துணிக்குள் இருந்த கை எது என்று பார்த்தாலே தெரியும். வலது கையால் குடுவையின் பிடியைப் பிடித்து, இடது கையால் அடியைத் தாங்கி, அகலவாய் மண்சட்டிக்குள் பால் ஊற்றுகிறாள். மேசைமேல் ஒரு கூடை ரொட்டி, வெளியே உடைத்துப் போட்ட ரொட்டித் துண்டுகள், மூடி போட்ட ஒரு நீலக் கூசா. பின்னால் வெள்ளைச் சுவர். அதில் ஆணிகள், ஆணி பிடுங்கிய ஓட்டைகள், கறைகள். கீழே தரையில் கால் சூடாக்கும் ஒரு சின்ன மரப்பெட்டி, உள்ளே கரிச்சட்டி.

தமிழில் 'பால்காரி' என்று இதைச் சிலர் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பிரபலமான பெயரும் அப்படித்தான் வழங்குகிறது. அது தப்பு. பால்காரி என்றால் மாடு கறப்பவள், பால் விற்பவள். இவள் சமையற்கட்டு வேலைக்காரி. 1696இல் ஆம்ஸ்டர்டாமில் இந்த ஓவியம் ஏலத்துக்கு வந்தபோது பட்டியலில் 'பால் ஊற்றும் பணிப்பெண்' என்றுதான் எழுதினார்கள். 175 கில்டருக்குப் போனது. அந்த ஏலத்தில் 21 வெர்மீர் ஓவியங்கள் விற்கப்பட்டன. இதைவிட அதிக விலைக்குப் போனது டெல்ஃப்ட் நகரக் காட்சி ஒன்றுதான், 200 கில்டர். அன்றைக்கே இது சாதாரணப் படம் இல்லை.

இனி 'அமைதி' என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்த ஓவியத்தைப் பற்றிப் பேசும் எவரும், நான் உட்பட, முதலில் எடுப்பது இந்தச் சொல்லைத்தான். காலம் உறைந்துவிட்டது, பால் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்கிறது, அவள் தன்னை மறந்து நிற்கிறாள், இந்த மாதிரி.

நான் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். பைப்புக்குள் ஓடும் திரவத்தை வேண்டிய அளவில் ஓட வைப்பதுதான் என் தினசரிப் பாடு. அந்தக் கண்ணோடு பாலின் அந்த இழையை மறுபடி பார்த்தேன். ரொம்ப மெல்லிய இழை. ஒரு குடுவையைச் சாய்த்து அதே சாய்வில் அசையாமல் பிடித்திருந்தால் என்ன ஆகும்? உள்ளே மட்டம் இறங்க இறங்க ஓட்டம் குறைந்து, இழை சொட்டாகி, நின்றுவிடும். இழை ஒரே கனத்தில் விழ வேண்டுமென்றால் கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவில், இடைவிடாமல், சாய்வைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கொஞ்சம் அதிகமாகச் சாய்த்தால் குபுக்கென்று கொட்டிவிடும். தொழிற்சாலையில் இந்த வேலைக்கு ஓர் அளவி, ஒரு வால்வு, இரண்டுக்கும் நடுவில் கணக்குப் போட ஒரு கருவி என்று மூன்று பொருள் வாங்கி மாட்டுகிறோம். இங்கே அவள் கண்தான் அளவி, மணிக்கட்டுதான் வால்வு.

ஆக, அவள் அசையாமல் நிற்கவில்லை. அசைவு வெளியே தெரியாத அளவுக்குக் கை தேர்ந்திருக்கிறது. அவள் கண்ணைப் பாருங்கள். இமை தாழ்ந்திருக்கிறது, பார்வை இழையில் இருக்கிறது. அது கனவு காணும் முகம் இல்லை. அவள் அமைதியாக இருப்பதாக எனக்கு இப்போது தோன்றவில்லை. கவனமாக இருக்கிறாள். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அமைதியில் இருப்பவள் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். கவனத்தில் இருப்பவள் திரும்பினால் சிந்திவிடும்.

எதற்கு இவ்வளவு கவனம்? மேசையில் உடைத்துப் போட்டிருக்கும் ரொட்டியையும் பாலையும் சட்டியையும் சேர்த்துப் பார்த்து, அவள் பழைய ரொட்டியை வீணாக்காமல் பாலில் ஊறவைத்துப் புட்டிங் மாதிரி ஒன்று செய்கிறாள் என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது சரியாகப் படுகிறது. பால் கூடினால் கஞ்சி, குறைந்தால் காய்ந்துபோகும். நேற்றைய இட்லியை உப்புமாவாக்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது, நான் முதல் கட்டுரையை அழித்ததற்கான முக்கியக் காரணம். 2022இல் ரைக்ஸ் அருங்காட்சியக ஆய்வாளர்கள் இந்த ஓவியத்தின் மேல்பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைக் கருவிகளால் படமெடுத்து வெளியிட்டார்கள். வெர்மீர் முதலில் கறுப்புச் சாயத்தில் வேகவேகமாக ஒரு வரைவு போட்டிருக்கிறார். அதில் அவள் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை, அதில் கூசாக்களைப் பிடியில் மாட்டித் தொங்கவிடும் வசதி. கீழே வலது மூலையில், இப்போது அந்தக் கால் சூட்டுப் பெட்டி இருக்கும் பகுதியில், பிரம்பில் முடைந்த ஒரு பெரிய கூடை. உள்ளே தணல் சட்டி வைத்து, பிறந்த குழந்தைக்குச் சூடு காட்டவும் அதன் ஈரத்துணிகளைக் காயவைக்கவும் பயன்படும் கூடை அது. வெர்மீர் இறந்தபின் எடுத்த வீட்டுச் சாமான் பட்டியலிலும் அப்படியொரு கூடை இருக்கிறது. இரண்டையும் அவரே பிறகு பூசி மறைத்துவிட்டார்.

இந்த வீட்டின் நிலவரம் தெரிந்தால் கூடையின் கனம் புரியும். வெர்மீர் 1632இல் பிறந்து 1675இல் 43 வயதில் இறந்தார். மனைவி காத்தரீனா போல்னெஸ். மாமியார் மரியா தின்ஸின் வீட்டில்தான் எல்லாரும் குடியிருந்தார்கள். அவர் இறந்தபோது 11 பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். பிறந்து இறந்தவை வேறு. அந்த வீட்டில் கைக்குழந்தையும் ஈரத்துணியும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடமாவது இருந்திருக்கும். அங்கே தன்னெக்கெ எவர்பூல் என்றொரு பணிப்பெண் வேலை செய்தார் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. காத்தரீனாவைக் கூடப்பிறந்த வில்லெம் தாக்கியது பற்றி 1666இல் சாட்சி சொன்னவர்களில் அவரும் ஒருவர். ஓவியத்தில் இருப்பது அவர்தான் என்று சிலர் ஊகிக்கிறார்கள். அதற்குச் சான்று எதுவும் இல்லை. எனக்கு அந்த ஊகம் தேவையும் இல்லை. அந்த வீட்டில் ஒரு வேலைக்காரியின் ஒரு நாள் எப்படி இருந்திருக்கும் என்பதற்குப் பதினோரு பிள்ளைகள் என்ற எண்ணிக்கையே போதும்.

அப்படியானால் நாம் ரசிக்கும் அந்த அமைதி எங்கிருந்து வந்தது? அது அந்தச் சமையற்கட்டில் இருந்து வரவில்லை. அடுத்த வேலையைத் தூரிகையால் அழித்த பிறகு வந்தது. குழந்தைத் துணிக் கூடையை எடுத்தாகிவிட்டது, கழுவி மாட்ட வேண்டிய கூசாக்களை எடுத்தாகிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு வேலை. ஒரு பெண்ணுக்குச் சமையற்கட்டில் ஒரே ஒரு வேலை மட்டும் இருந்தால் அவள் தியானம் செய்வது போலத்தான் தெரிவாள்.

இங்கே ஒரு மறுப்பு வரும், அதை நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். ஓர் ஓவியர் படத்தின் சமநிலைக்காகப் பொருள்களை எடுப்பார், வைப்பார். அதில் போய் உழைப்பு, சுரண்டல் என்று தேடுவது சரியா? தலைக்குப் பின்னால் பலகை இருந்தால் முகத்தின் விளிம்பு குழம்பும். கூடை இருந்தால் வலது பக்கம் பாரம் கூடும். எடுத்தார். அவ்வளவுதானே?

பாதி சரி. எடுத்ததால்தான் இது நல்ல ஓவியம் ஆனது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் எதையெல்லாம் எடுக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். சமநிலைதான் நோக்கம் என்றால் சுவரை வழித்து வெள்ளையாக விட்டிருக்கலாம். அவர் ஆணியை வரைந்தார். ஆணிக்கு நிழல் வரைந்தார். ஆணி பிடுங்கிய ஓட்டைகளை ஒவ்வொன்றாக வரைந்தார். உடைந்த கண்ணாடிச் சில்லை வரைந்தார். மணிக்கட்டின் கறுப்பை வரைந்தார். பொருள்கள் போய்விட்டன, புழங்கிய தடங்கள் இருக்கின்றன. இந்த அறையில் ஏதோ தொங்கியது, ஏதோ மாட்டிக் கழற்றப்பட்டது, இங்கே தினமும் யாரோ வேலை பார்க்கிறார்கள் என்பதை அந்தச் சுவர் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. அழகான வீட்டை மட்டும் காட்ட நினைத்தவர் இப்படி வரைய மாட்டார்.

இன்னொரு வாசிப்பும் உண்டு. 2009இல் இந்த ஓவியம் நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது அங்கே காப்பாளராக இருந்த வால்ட்டர் லீட்கெ அதை வலியுறுத்தினார். சுவரின் அடியில் ஓடும் டெல்ஃப்ட் ஓடுகளில் ஒன்றில் காதல் தேவன் க்யூபிட் இருக்கிறான். கால் சூட்டுப் பெட்டி அந்தக் காலப் படிமங்களில் பெண்ணின் ஆசையைக் குறிக்கும். பணிப்பெண்களை எளிதில் மசிபவர்களாகக் காட்டும் ஓவிய மரபும் அப்போது டச்சு நாட்டில் இருந்தது. ஆகவே இதில் மெல்லிய காமக் குறிப்பு இருக்கிறது என்பது அவர் கட்சி.

குறிப்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் அளவைப் பாருங்கள். க்யூபிட் விரல்நகம் அளவுகூட இல்லாமல் தரையோரம் கிடக்கிறான். மரபுப்படி வரைந்திருந்தால் அவள் நம்மைப் பார்த்துச் சிரித்திருப்பாள், சட்டை தளர்ந்திருக்கும், பக்கத்தில் ஓர் ஆண் நின்றிருப்பான். இங்கே அவள் நம்மைக் கண்டுகொள்ளவே இல்லை. என் வாசிப்பில், வெர்மீர் அந்தப் பழைய கிண்டலைத் தரையோரத்துக்குத் தள்ளிவிட்டு மேலே வேறு ஒன்றை வரைகிறார். எனக்கு அந்தப் பெட்டி வேறு காரணத்துக்காக உறுத்துகிறது. குழந்தைக்கு வேலை செய்யும் தணல் இருந்த இடத்தில், உட்கார்ந்திருப்பவரின் காலைச் சூடாக்கும் தணல் வந்திருக்கிறது. ஓவியத்தில் உட்கார்ந்திருப்பவர் யாரும் இல்லை. அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.

வெர்மீர் அவளை மதித்தாரா, அல்லது அவள் உழைப்பைத் துடைத்துவிட்டு அழகை மட்டும் எடுத்துக்கொண்டாரா? இந்தக் கேள்விக்கு ஓவியத்துக்குள்ளேயே அளந்து பார்க்கக்கூடிய ஒரு சான்று இருக்கிறது.

அவள் வலது கைக்குச் சற்று மேலே துணியில் ஒரு குண்டூசி ஓட்டை உண்டு. வெர்மீர் அங்கே ஊசி குத்தி, அதில் சாக்கு தடவிய நூலைக் கட்டி, இழுத்து, சுண்டி, சன்னல் கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் போய்ச் சேருமாறு குறித்துக்கொண்டார். கட்டடம் கட்டுபவர்கள் இன்றும் செய்யும் வேலை. நாம் 'நூல் பிடித்த மாதிரி' என்று சொல்வது இதைத்தான். அந்தப் புள்ளியின் உயரம்தான் பார்ப்பவரின் கண் உயரம். பொறியியல் வரைபடம் படித்த முதல் செமஸ்டரிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். புள்ளி அவள் கைக்கு மேலே இருக்கிறது. அவள் கண் அதைவிட மேலே இருக்கிறது. அப்படியென்றால் நம் கண் அவள் கண்ணுக்குக் கீழே. நாம் எங்கே நின்று பார்த்தாலும் வெர்மீர் நம்மை அவளைவிடத் தாழ்வான இடத்தில் உட்கார வைத்து, அண்ணாந்து பார்க்க வைக்கிறார். ஒரு வேலைக்காரியை.

அந்த ஏப்ரனின் நீலமும் அப்படித்தான். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி கல்லை அரைத்து எடுக்கும் அல்ட்ராமரைன். அன்றைய சாயங்களில் மிக விலை உயர்ந்தவற்றில் ஒன்று, மரியன்னையின் ஆடைக்கு ஓவியர்கள் எடுத்துவைத்த நிறம். அதை அழுக்குத் துடைக்கும் துணிக்குப் பூசியிருக்கிறார். ஆகவே மரியாதை இல்லை என்று சொல்ல முடியாது. அவள் திறமைக்கு இருக்கும் கனத்தை அவர் உணர்ந்திருக்கிறார். இழை விழும் விதத்தை அவ்வளவு சரியாக வரைய, யாரோ ஊற்றுவதைப் பல தடவை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த மரியாதை ஒரு வேலைக்குத்தான். கூடையோடு சேர்த்து அவளை அப்படிப் பார்க்க அவரால் முடிந்ததா என்றால், இந்த ஓவியத்தில் முடியவில்லை. கூடை இருந்தால் அடுத்து அவள் எங்கே ஓட வேண்டும் என்று நமக்குத் தெரிந்துவிடும். பால் ஊற்றும் அந்த நொடி நமக்கு நிம்மதியாக இருக்காது. நம் நிம்மதிக்காகக் கூடை போயிற்று. இது ஓவியத்தின் குறை என்று நான் சொல்ல வரவில்லை. இது அதன் எல்லை. அந்த எல்லையைத் தெரிந்துகொண்டு ரசிப்பதும், தெரியாமல் 'ஆஹா அன்றாடம்' என்று உருகுவதும் ஒன்றில்லை.

இதை வெர்மீரைவிட நமக்காகத்தான் எழுதுகிறேன். நம் தலைமுறைக் கவிதைகளிலும் குறும்பத்திகளிலும் அம்மாவின் சமையற்கட்டு நிறைய வருகிறது. தாளிக்கும் சத்தம், கோப்பி ஆற்றும் கை, சன்னல் வெயில். நானும் எழுதியிருக்கிறேன். அந்த வரிகளில் எல்லாம் அம்மா ஒரே ஒரு வேலைதான் செய்துகொண்டிருப்பார். அடுப்பில் இன்னொன்று கொதிக்காது, வாஷிங் மெஷின் கத்தாது, வேலைக்குப் போக நேரமாகியிருக்காது. நாமும் ஆளாளுக்கு ஒரு கூடையை அழித்துவிட்டுத்தான் அமைதி என்று எழுதுகிறோம். வெர்மீராவது ஆணி ஓட்டையை விட்டுவைத்தார். அழித்தவன் நானாக இருந்தால் எதை விட்டுவைத்திருக்கிறேன் என்று பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை.

கடைசியாக ரொட்டி. அந்தக் கூடையில் இருக்கும் ரொட்டிமேல் வெர்மீர் வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாக வைத்திருப்பார். படத்தைப் பெரிதாக்கினால் பாலைவிட ரொட்டிதான் அதிகம் மின்னும். அவர் இறந்தபோது டெல்ஃப்டின் ரொட்டிக்காரர் ஹென்ட்ரிக் ஃபான் பௌட்டனுக்கு அந்த வீடு 600 கில்டருக்கு மேல் ரொட்டிக் கடன் பாக்கி வைத்திருந்தது. 1676 சனவரியில் காத்தரீனா அதற்கு ஈடாக இரண்டு ஓவியங்களைக் கொடுத்தார். இந்த ஓவியம் வரைந்தபோது அந்தக் கடன் இல்லை, அது கடைசி வருடங்களில் சேர்ந்தது. இருந்தாலும் இப்போது அந்த ரொட்டித் துண்டுகளைப் பார்க்கும்போது பாட்டி கேட்டதுதான் நினைவுக்கு வருகிறது. தோட்டத்தில் மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றும் பால் தன் பால் இல்லை என்று தெரிந்துதான் 30 வருடம் சிந்தாமல் ஊற்றியிருக்கிறார். சிந்தினால் ஸ்டோரில் நிறுக்கும்போது கணக்கில் இடிக்கும். அந்தக் கண்ணுக்கு, நான் மாதக்கணக்கில் பார்த்தும் பிடிபடாதது அரை நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது.

ஓவியத்தை மறுபடி பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். முகத்தையும் பாலையும் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். கீழே வலது மூலைக்குப் போங்கள். அந்தச் சின்ன மரப்பெட்டிக்கு மேலே சுவர் வெறுமையாக இருக்கும். அங்கே ஒரு கூடையை வைத்துப் பாருங்கள், ஈரத்துணியோடு. பிறகு அவள் முகத்துக்கு வாருங்கள்.